கூட்டாளி விலகினால் லாபப் பங்கு எப்படி மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடவுன் தெருவில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாலையில் திருவல்லிக்கேணியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன். கூட்டாளி விலகல் என்று பேச்சு வந்தால் இரண்டு இடத்திலும் ஒரே சந்தேகங்கள்தான் கிளம்புகின்றன. பிள்ளைகளுக்கு அது மார்க், கடைக்காரர்களுக்கு அது பணம். யார் எப்படிக் கேட்டார்களோ கிட்டத்தட்ட அப்படியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே கடைதான் உதாரணம். மணி, ரஹீம், சாந்தி என்று மூன்று கூட்டாளிகள் (பெயர்கள் கணக்குக்காக வைத்தவை). லாபம் பிரிப்பது 5:3:2. வேறு ஏதும் சொல்லாதவரை விலகுபவர் சாந்தி.

1. ஒருத்தர் விலகினா விகிதம் ஏன் சார் மாறணும்? பழசையே வெச்சுக்கக் கூடாதா?

பழைய கணக்கில் லாபம் பத்துப் பங்கு. மணிக்கு 5, ரஹீமுக்கு 3, சாந்திக்கு 2. சாந்தி போன பிறகும் கடை லாபம் முழுதாகத்தான் வரும், ஆனால் அந்த இரண்டு பங்குக்கு ஆள் இல்லை. அதை யாராவது எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். எடுத்துக்கொண்டதும் அவருடைய பங்கு கூடிவிடும்.

மணிக்கும் ரஹீமுக்கும் நடுவில் பழைய 5:3 அப்படியே இருக்கலாம், தப்பில்லை. ஆனாலும் மணியின் பங்கு பத்தில் ஐந்திலிருந்து எட்டில் ஐந்தாக ஏறியிருக்கும். எண்கள் பழையவை, பங்கு புதியது.

2. எந்தக் கணக்கு வந்தாலும் போடற மாதிரி ஒரே சூத்திரம் சொல்லுங்க.

புதிய பங்கு = பழைய பங்கு + விலகியவரிடமிருந்து வந்த பங்கு. இதைத் திருப்பிப் போட்டால் ஆதாயம் = புதிய பங்கு − பழைய பங்கு. பாடப்புத்தகத்தில் எத்தனை வகைக் கணக்கு இருந்தாலும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

அதனால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போகிறவரின் பங்கு யார் கைக்கு, எவ்வளவு போகிறது? இதற்குப் பதில் தெரியாமல் விகிதம் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்துவிட்டால் மீதி வெறும் பின்னக் கூட்டல்.

3. யாருக்கு எவ்வளவுன்னு ஒண்ணுமே சொல்லலன்னா?

அப்போது மிச்சமிருப்பவர்கள் தங்கள் பழைய விகிதத்திலேயே எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வது வழக்கம். விலகுபவரின் எண்ணை அடித்துவிட வேண்டியதுதான். சாந்தி போனால் 5:3, ரஹீம் போனால் 5:2, மணி போனால் 3:2.

இது ஏதோ குறுக்கு வழி என்று நினைத்து சிலர் நம்ப மாட்டார்கள். சூத்திரப்படியே போட்டுப் பாருங்கள். சாந்தியின் 2/10-ல் எட்டில் ஐந்து மணிக்கு, அதாவது 1/8. பழைய 5/10 உடன் சேர்த்தால் 5/8. ரஹீமுக்கு 3/40 வரும், 3/10 உடன் சேர்த்தால் 3/8. அதே 5:3.

4. விகிதத்தை 1/2, 1/3, 1/6-னு பின்னமா குடுத்திருக்காங்க. கடைசி ஆள் போறார். 2:3-னு எழுதலாமா?

கூடாது. கீழே இருக்கும் எண்களை மட்டும் எடுத்து எழுதினால் விகிதம் தலைகீழாகிவிடும். பாதி வைத்திருப்பவர் மூன்றில் ஒன்று வைத்திருப்பவரைவிடக் குறைவாக வாங்குவார். முதலில் பகுதியைச் சமமாக்குங்கள்: 3/6, 2/6, 1/6. பிறகு அடியுங்கள். விடை 3:2. நடுவில் இருப்பவர் போனால் 3:1.

5. சாந்தி பங்கை ரெண்டு பேரும் சரிபாதியா எடுத்துக்கிட்டா புது விகிதம் 1:1 தானே?

1:1 என்பது எடுத்துக்கொண்ட விகிதம், புதிய விகிதம் அல்ல. தேர்வுத்தாளில் இந்தத் தவறு இல்லாத கட்டே கிடையாது. 2/10-ல் பாதி 1/10. மணிக்கு 5/10 + 1/10 = 6/10. ரஹீமுக்கு 3/10 + 1/10 = 4/10. புதிய விகிதம் 3:2.

முழுப் பங்கையும் மணியே வாங்கிக்கொண்டால் 7:3. ரஹீமே வாங்கிக்கொண்டால் 5:5, அதாவது சமம்.

6. "சாந்தியின் பங்கில் 1/4" அப்படின்னா 5/10 கூட 1/4 கூட்டணுமா?

'பங்கில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சாந்தியிடம் இருப்பதே 2/10. அதில் நாலில் ஒன்று என்றால் 2/10 × 1/4 = 1/20. மணி இதை எடுத்து, மீதி 3/20-ஐ ரஹீம் எடுத்தால், மணிக்கு 11/20, ரஹீமுக்கு 9/20. விகிதம் 11:9.

'சாந்தியிடமிருந்து 1/20' என்று கொடுத்திருந்தால் அது மொத்த லாபத்தில் 1/20, அப்படியே கூட்டலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை: நேரடியாகக் கூட்டப் பார்க்கும் பின்னம் விலகுபவரின் மொத்தப் பங்கைவிடப் பெரியதா? 1/4 என்பது 2/10-ஐவிடப் பெரியது. தன்னிடம் இல்லாததைச் சாந்தி எப்படிக் கொடுப்பார்?

7. விடை சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

புதிய பங்குகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். ஆதாயங்களைக் கூட்டினால் விலகியவரின் பங்கு வர வேண்டும். முதல் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவதையும் செய்து பாருங்கள்.

8. ஆதாய விகிதமும் புதிய விகிதமும் எப்பவும் ஒண்ணாத்தானே வருது?

மூன்றாம் கேள்வியில் சொன்ன வகையில் மட்டும் ஒன்றாக வரும். பழைய விகிதத்திலேயே எடுத்துக்கொண்டால் ஆதாயமும் 5:3, புதிய விகிதமும் 5:3. ஐந்தாம் கேள்வியில் பாருங்கள்: புதியது 3:2, ஆதாயம் 1:1. ஆறாம் கேள்வியில் புதியது 11:9, ஆதாயம் 1:3. முதல் வகைக் கணக்குகளையே நிறையப் போட்டுப் பழகியவர்களுக்கு இரண்டும் ஒன்று என்று மனதில் பதிந்துவிடுகிறது.

9. குட்வில்லை ஏன் ஆதாய விகிதத்துல பிரிக்கணும்? புது விகிதத்துல பிரிச்சா என்ன கெட்டுப்போகும்?

நற்பெயர், கடைப் பேச்சில் குட்வில், என்பது இனி வரப்போகும் லாபத்துக்கான விலை. சாந்தி தன் 2/10 லாபத்தை விட்டுப் போகிறார். அதை யார் வாங்கிக்கொள்கிறார்களோ, அவர்கள் வாங்கிய அளவுக்கு விலை தர வேண்டும். ஏற்கெனவே தன்னிடம் இருந்த பங்குக்கு யாரும் மறுபடி விலை கொடுக்க மாட்டார்கள்.

நிறுவனத்தின் நற்பெயர் 8,00,000 ரூபாய் என்று வையுங்கள். சாந்திக்குச் சேர வேண்டியது அதில் 2/10, அதாவது 1,60,000. ஐந்தாம் கேள்வியைப் போல இருவரும் பாதிப் பாதி எடுத்திருந்தால் ஆளுக்கு 80,000. இதைப் புதிய விகிதமான 3:2-ல் பிரித்தால் மணி 96,000, ரஹீம் 64,000. இருவரும் வாங்கியது ஒரே அளவு, மணி மட்டும் 16,000 அதிகம் கட்டுகிறார். பரீட்சையில் இதற்கு ஒரு மார்க் போகும். கடையில் இதற்குத்தான் மனக்கசப்பு வரும்.

பதிவு எளிது: மணி, ரஹீம் இருவரின் முதல் (மூலதன) கணக்குகளில் பற்று, சாந்தியின் முதல் கணக்கில் வரவு. விலை கொடுத்து வாங்காத நற்பெயரைச் சொத்தாக ஏட்டில் ஏற்றக் கூடாது, சரிக்கட்டல் மட்டும் போதும். ஏட்டில் ஏற்கெனவே நற்பெயர் நின்றால், முதலில் அதை மூவருக்கும் பழைய விகிதத்தில் போக்கெழுதிவிட்டு (ஏட்டிலிருந்து நீக்கிவிட்டு) இந்தப் பதிவுக்கு வாருங்கள்.

10. பொதுக்காப்பு, மறுமதிப்பீட்டு லாபம், பழைய நஷ்டம் இதெல்லாம் எந்த விகிதம்?

மூன்றும் பழைய விகிதம், விலகுபவரையும் சேர்த்து. அவர் இருந்தபோது சேர்ந்தது அவருக்கும் உரியது, அவர் இருந்தபோது வந்த நஷ்டம் அவருக்கும் உண்டு. பொதுக்காப்பு, அதாவது பிரிக்காமல் ஒதுக்கிவைத்த லாபம், 1,00,000 என்றால் 50,000, 30,000, 20,000.

கடைகளில் மறந்துபோவது மறுமதிப்பீடுதான். அம்பத்தூரில் பல வருடம் முன்பு வாங்கிய கிடங்கு ஏட்டில் வாங்கிய விலையிலேயே கிடக்கும். "அதை நாங்க விக்கப் போறதில்லையே" என்பார்கள். விற்கிறார்களோ இல்லையோ, விலை ஏறியது சாந்தியும் கூட்டாளியாக இருந்த காலத்தில். அவருடைய 2/10 அவருக்குச் சேர வேண்டும். இன்னொரு பக்கம், வராக்கடனும் விற்காத பழைய சரக்கும் இருக்கும். அவற்றையும் அதே நாளில் குறைத்து மதிப்பிட வேண்டும். ஏறியதை மட்டும் பார்த்து இறங்கியதை விடுவதும் நியாயம் ஆகாது.

11. ஒப்பந்தத்துல விகிதமே எழுதல. யார் எவ்வளவு முதல் போட்டாங்களோ அந்த அளவுலதானே லாபம்?

இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமமாக என்கிறது 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 13. ஒருவர் பத்து லட்சம், இன்னொருவர் ஒரு லட்சம் போட்டிருந்தாலும் அதுதான். மூவரில் ஒருவர் போனால் மீதி இருவருக்கும் 1:1.

ஆனால் எழுத்தில் இல்லை என்பதற்காக ஒப்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. வருடா வருடம் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் பிரித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு வந்திருந்தால், அந்த நடத்தையே ஒப்பந்தத்துக்குச் சான்றாகும். பழைய இருப்புநிலைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

12. நாங்களே பேசி 2:3-னு முடிவு பண்ணிட்டோம். அப்புறம் கணக்கு எதுக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கடையில் உண்மையில் நடப்பது இதுதான் என்பதால். புத்தகத்தில் விகிதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். வாழ்க்கையில் விகிதத்தை யாரும் கண்டுபிடிப்பதில்லை, பேசி முடிக்கிறார்கள். பேசி முடித்ததற்கு யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைத்தான் கணக்கு சொல்லும்.

சாந்தி விலகுகிறார். மணிக்கு வயதாகிவிட்டது, இனி ரஹீம்தான் கடையைப் பார்க்கப் போகிறார். மணிக்கு 2, ரஹீமுக்கு 3 என்று முடிவாகிறது. ரஹீம் 3/10-லிருந்து 6/10-க்குப் போகிறார், ஆதாயம் 3/10. மணியைப் பாருங்கள்: 5/10-லிருந்து 4/10. விலகாமலே 1/10 விட்டுக்கொடுத்திருக்கிறார். அது தியாகம். ஏழாம் கேள்வியின் சோதனையில் தியாகத்தைக் கழிக்க வேண்டும்: 3/10 − 1/10 = 2/10, சாந்தியின் பங்கு. சரியாக வருகிறது.

நற்பெயர் அதே 8,00,000 என்றால் ரஹீமின் முதல் கணக்கில் 2,40,000 பற்று. அதில் 1,60,000 சாந்திக்கு, 80,000 மணிக்கு. இந்த எண்பதாயிரத்தை நடைமுறையில் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. போகிறவருக்குக் கொடுக்க வேண்டியதையே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள், இருந்துகொண்டே குறைத்துக்கொண்டவர் கண்ணில் படமாட்டார். மணி பெருந்தன்மையாக வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர் விருப்பம். தெரிந்து விட வேண்டும், தெரியாமல் போகக் கூடாது. அதனால் விகிதம் பேச உட்காரும் முன்பே, நற்பெயருக்கு என்ன மதிப்பு என்று ஒரு தொகையை முடிவு செய்துவிடுங்கள். விகிதம் முடிவான பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் தர வேண்டியவர் மதிப்பைக் குறைப்பார், வாங்க வேண்டியவர் கூட்டுவார்.

13. சாந்தி போறாங்க, அவங்க பையன் உள்ள வர்றார். இப்ப விகிதம்?

பையன் அம்மாவின் 2/10-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் 5:3:2-ல் மாற்றமே இல்லை. மணிக்கும் ரஹீமுக்கும் ஆதாயமும் இல்லை, தியாகமும் இல்லை. நற்பெயர்க் கணக்கு அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் மட்டும்.

பையனுக்கு 1/4 என்று முடிவானால் கதை வேறு. மீதி 3/4-ஐ மணியும் ரஹீமும் 5:3-ல் பிரித்தால் 15/32, 9/32, பையனுக்கு 8/32. புதிய விகிதம் 15:9:8. கூட்டாளி விலகியிருக்கிறார், ஆனாலும் இருப்பவர்கள் பங்கு ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. மணி 5/160, ரஹீம் 3/160 இழக்கிறார்கள். 8,00,000 நற்பெயரில் பையன் 2,00,000 கொண்டுவர, சாந்திக்கு 1,60,000, மணிக்கு 25,000, ரஹீமுக்கு 15,000.

இன்னொன்று. மகன் என்பதாலேயே யாரும் கூட்டாளி ஆகிவிட முடியாது. ஒப்பந்தத்தில் இடம் இல்லாவிட்டால், இருக்கும் கூட்டாளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரை எல்லோர் சம்மதத்தோடு லாபப் பயனில் மட்டும் சேர்க்கலாம், முழுக் கூட்டாளியாக ஆக்க முடியாது.

14. நாங்க ரெண்டே பேர். அவர் போயிட்டா எனக்கு எத்தனை பங்கு?

முழுதும் உங்களுக்கு, ஆனால் கூட்டாண்மை முடிந்துவிட்டது. ஒற்றை ஆளோடு கூட்டாண்மை கிடையாது. கடையைத் தனி உரிமையாளராக நடத்தலாம், புதிய கூட்டாளியைச் சேர்த்துப் புதிதாகத் தொடங்கலாம்.

15. வருஷ நடுவுல விலகினா லாபத்தைப் பாதிப் பாதியா வெட்டிடலாமா?

விலகும் நாள் வரை பழைய விகிதம், மறுநாளிலிருந்து புதிய விகிதம். சிக்கல், அந்த நாள் வரை லாபம் எவ்வளவு என்பதுதான். மாதக் கணக்கில் வெட்டலாம், விற்பனைக் கணக்கிலும் வெட்டலாம். ஜவுளிக் கடையில் இரண்டும் ஒன்றாக வராது.

சாந்தி செப்டம்பர் 30 அன்று விலகுகிறார், வருட லாபம் 10,00,000 என்று வையுங்கள். மாதக் கணக்கில் ஆறு மாதத்துக்கு 5,00,000, அவர் பங்கு 1,00,000. ஆடித் தள்ளுபடி அவர் இருந்த பாதியில் வந்துவிட்டது, ஆனால் தீபாவளியும் பொங்கலும் அடுத்த பாதியில். விற்பனை 40:60 என்று இருந்தால் முதல் பாதி லாபம் 4,00,000, அவர் பங்கு 80,000. எது நியாயம்? விற்பனைக் கணக்குதான் நெருங்கி வரும் என்பது என் கருத்து, ஆனால் அதுவும் முழுச் சரியல்ல. தள்ளுபடி மாதத்தில் விற்பனை அதிகம், லாப விழுக்காடு குறைவு. முடிந்தால் விலகும் நாளில் சரக்கை எண்ணிக் கணக்கை மூடிவிடுங்கள், பிறகு வாதமே இல்லை. முடியாதென்றால் எந்த முறை என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள்.

16. விகிதம் மாறினா முதலையும் அதே விகிதத்துக்குக் கொண்டுவரணுமா?

கட்டாயம் இல்லை, பேசிக்கொண்டால் மட்டும். அப்படிப் பேசினால், எல்லாச் சரிக்கட்டலும் முடிந்த பிறகு மொத்த முதலை எடுத்துப் பிரியுங்கள். மொத்தம் 8,00,000, விகிதம் 3:2 என்றால் மணிக்கு 4,80,000, ரஹீமுக்கு 3,20,000 நிற்க வேண்டும். குறைபவர் கொண்டுவருவார், கூடியிருப்பவர் எடுப்பார்.

17. விலகி ஆறு மாசம் ஆச்சு, பணம் இன்னும் குடுக்கல. புது லாபத்துல எனக்குப் பங்கு உண்டா?

புதிய விகிதத்தில் உங்களுக்கு இடம் இல்லை. ஆனால் கணக்கைத் தீர்க்காமல் உங்கள் பணத்தை வைத்து வியாபாரம் நடந்தால், சட்டத்தின் 37-ஆம் பிரிவு உங்களுக்கு ஒரு தேர்வு தருகிறது: உங்கள் பணத்தால் கிடைத்த லாபப் பங்கு, அல்லது ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி. எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

சாந்திக்கு வர வேண்டியது 3,00,000. மணியின் முதல் 4,00,000, ரஹீமுடையது 2,00,000. ஆறு மாத லாபம் 1,20,000. வட்டி வழியில் 9,000. லாப வழியில், மொத்தம் 9,00,000-ல் 3,00,000 அவருடையது என்பதால், 40,000. இங்கே பழைய 2/10-ஐப் பிடித்துக்கொண்டு 24,000 என்று போடுபவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது பயன்படுத்திய பணத்தின் அளவை. ஒப்பந்தத்திலேயே இத்தனை விழுக்காடு வட்டி, இத்தனை தவணை என்று எழுதியிருந்தால் அதுவே செல்லும், இந்தத் தேர்வு வராது.

18. புது ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே சாந்திக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை, சரிதானே?

உங்கள் மூவருக்குள் சரி. வெளி ஆட்களுக்கு அது போதாது. பொது அறிவிப்பு தரும் வரை, அவர் கூட்டாளி என்று தெரிந்து கடன் கொடுப்பவர்களுக்கு அவரும் பொறுப்பு. லாபத்தில் பங்கு இல்லை, கடனில் மட்டும் பொறுப்பு என்று அவர் ஏன் நிற்க வேண்டும்? பதிவு செய்த நிறுவனமானால் நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் ஒரு விளம்பரம், கடை இருக்கும் மாவட்டத்தில் விற்கும் தமிழ் நாளிதழ் ஒன்றில் ஒரு விளம்பரம், மூன்றும் வேண்டும். ஜிஎஸ்டி பதிவில் கூட்டாளி மாற்றத்துக்கு 15 நாளுக்குள் திருத்தம் போட வேண்டும். வருமான வரிக்குத் திருத்திய ஒப்பந்தத்தின் நகல் தேவைப்படும், அதை ஆடிட்டரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள்.

வங்கிக் கடனுக்குச் சாந்தி தனிப்பட்ட ஜாமீன் போட்டிருந்தால், இதில் எதுவும் அந்த ஜாமீனைத் தொடாது. வங்கியில் எழுதிக் கேட்டு, விடுவித்த கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் இறுதி ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும்.